கொலுப்படி ஏறிய ரோபோவும் பதினாலு கைகளும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ரோபோ பொம்மையை ரிவ்யூ பண்ணி வீடியோ எடுக்கணும். எடுத்து முடிச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள அதை சொந்தக்காரர் கையில பத்திரமா திருப்பிக் கொடுக்கணும்.

இவ்வளவு சின்ன வேலைக்கு நடுவுல, அடையாறுல முன்னப்பின்ன தெரியாத ஒரு மாமியை மாடிப்படியில மடக்கி "பையை மாத்திக்கலாமா மாமி"ன்னு நான் ஏன் கெஞ்சினேன்னு கேட்டா, வரிசையா சொன்னாத்தான் புரியும்.

புதுசா வந்தவங்களுக்காக என்னைப் பத்தி ரெண்டு வரி. பேரு சுஜா. ஊரு மதுரை, வாக்கப்பட்டது மயிலாப்பூர். பகல்ல தேனாம்பேட்டையில ஒரு ஆபீஸ்ல ஹெச்.ஆர். மிச்ச நேரத்துல பெரிய பெரிய ரோபோ பொம்மைகளை வாங்கியும் கடன் கேட்டும் ரிவ்யூ பண்றேன். முப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையான்னு என் அப்பா கேட்டாச்சு, தம்பி கேட்டாச்சு, பக்கத்து சீட் மீனாட்சியும் கேட்டாச்சு. நீங்க புதுசா கேக்க வேண்டாம்.

இந்த ரோபோ ரஃபீக் பாயோடது. சிந்தாதிரிப்பேட்டையில மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். கடைக்கு மேல ஒரு ரூம் முழுக்க கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்க ரோபோ. சென்னையில ரோபோ சேர்க்கிற ஆளுங்க எல்லாரும் அவர் பேரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்குவாங்க. அப்படிப்பட்டவர்கிட்ட எட்டு மாசமா நச்சரிச்சேன். கடைசியில தாங்க முடியாம சரின்னுட்டார்.

பொம்மை ஒண்ணேகால் அடி உயரம். நீலமும் வெள்ளையும். முதுகுல ரெக்கை, தலையில ரெண்டு கொம்பு. கூடவே ரெண்டு வாள், ஒரு கேடயம், ஒரு துப்பாக்கி. அப்புறம் கழட்டி மாட்டற கைகள். வாள் பிடிக்க ஒரு ஜோடி, துப்பாக்கி பிடிக்க ஒரு ஜோடி, குத்து விட ஒரு ஜோடி, விரலை நீட்டிக் காட்ட ஒரு ஜோடி, உள்ளங்கையை விரிச்சபடி ஒரு ஜோடி, சும்மா தொங்க விட ஒரு ஜோடி, எதுக்குன்னே தெரியாத ஒரு ஜோடி. மொத்தம் பதினாலு.

பாய் கையில வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணி எனக்குக் காட்டினார்.

"தங்கச்சி, இத்த வாங்கி பத்து வருசம் ஆவுது. பெட்டிய விட்டு ரெண்டு தபா தான் வெளிய எடுத்துகீறேன். ஞாயித்துக்கெழம தேனாம்பேட்டைல நம்ம ஆளுங்க மீட்டு வெச்சிகீறாங்கோ. எல்லாரும் இத்த பாக்கத்தான் வர்றாங்க. வெள்ளிக்கெழம சாயந்தரம் இங்க வந்துடணும். பதினாலு கையும் வந்துடணும்."

"கண்ணு மாதிரி பாத்துக்கறேன் பாய்."

அவர் என் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். பவர் கூடியிருக்குன்னு போன மாசம்தான் அவரே மாத்திக் கொடுத்தது. அப்புறம் பெட்டியைக் கொடுத்துட்டார்.

புதன்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். நவராத்திரி மூணாம் நாள். ஹால்ல என் மாமியாரோட கொலு. ஏழு படி, எல்லாம் பரம்பரை மண் பொம்மைங்க. அம்மா, அதாவது என் மாமியார், அதை நிர்வாகம் பண்ற விதத்தைப் பார்த்தா எங்க கம்பெனி எம்.டி. நோட்ஸ் எடுத்துக்குவார். எங்க மதுரை வீட்டுல கொலு வழக்கம் கிடையாது. அதனால இந்த பதினோரு வருஷமா ஒன்பது நாளும் என் வேலை தேங்காய் துருவறது, சுண்டல் கிண்ணம் எடுத்துக் கொடுக்கறது, குறுக்க வராம இருக்கறது, இவ்வளவுதான்.

சாப்பாட்டு மேஜையில வேலையை ஆரம்பிச்சேன். கேமராவை ஸ்டாண்டுல மாட்டி ஓட விட்டுட்டு, பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து வெச்சேன். முட்டி ரெண்டு இடத்துல மடங்குது. இடுப்பு திரும்புது. விரல் நகத்துக்குக் கூட கோடு போட்டிருக்கான். ரொம்பப் புத்திசாலித்தனமா, சின்ன கைகள் தொலைஞ்சிடக் கூடாதுன்னு ஆறு ஆறா ரெண்டு ஜிப் கவர்ல போட்டு மூடினேன். மீதி ரெண்டு, விரிச்ச உள்ளங்கை ஜோடி, பொம்மையிலயே மாட்டியிருந்தேன். வலது கை மேல தூக்கி, இடது கை கீழ இறக்கி, வணக்கம் நேயர்களேன்னு சொல்ற மாதிரி ஒரு போஸ்.

அப்பதான் என் ரிங் லைட் புஸ்ஸுன்னு போச்சு.

டியூப் லைட் வெளிச்சத்துல நீலம் சாம்பலாத் தெரிஞ்சுது. ஜன்னல் பக்கம் கொண்டு போனா பாதி முகம் இருட்டு. வீடு முழுக்க சுத்திப் பார்த்தேன். நல்ல வெளிச்சம் இருந்தது ஒரே ஒரு இடத்துலதான். ரெண்டு ஃபோக்கஸ் லைட்டு, சுத்தி சீரியல் பல்பு, பின்னாடி பட்டுத்துணி. லட்ச ரூபா ஸ்டூடியோ தோத்துடும்.

கொலு.

நாலாம் படியில தசாவதார செட்டு. கல்கிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாண் இடம் சும்மா கிடந்தது. ஒரே ஒரு போட்டோ, வீடியோ முகப்புல போடற தம்ப்நெயிலுக்கு மட்டும். மெதுவா ரோபோவைத் தூக்கி அங்க நிறுத்தினேன். அடடா, என்ன அம்சமா இருந்தது தெரியுமா. பத்து அவதாரத்துக்கும் கூடப் பொறந்த தம்பி மாதிரி நின்னான்.

போன்ல ரெண்டு போட்டோ எடுத்திருப்பேன். காலிங் பெல் அடிச்சது.

மணி அஞ்சு. நான் நைட்டியில. வெளிய மேல் வீட்டு மைதிலி மாமியும், தி.நகர்லேர்ந்து என் வீட்டுக்காரரோட பத்மா சித்தியும். ரெண்டு பேரும் பட்டுப்புடவை. நான் உள்ள ஓடிட்டேன். சுடிதார் மாத்தி, தலை வாரி, பொட்டு வெச்சுக்கிட்டு வர பத்து நிமிஷம் ஆச்சு. ஹாலுக்கு வந்தா அம்மா மணி அடிச்சுக்கிட்டே கற்பூரம் காட்டிக்கிட்டிருக்காங்க. கடலைப்பருப்பு சுண்டல் நைவேத்தியம் ஆயிடுச்சு. கற்பூரத் தட்டு ஏழு படிக்கும் பொதுவா சுத்தி வருது. கற்பூர வெளிச்சத்துல ரோபோ முகம் தகதகன்னு ஜொலிக்குது.

மைதிலி மாமி கன்னத்துல போட்டுக்கிட்டு, நாலாம் படியில கண்ணை நிறுத்தினாங்க.

"கல்கிக்கு அப்பறம் இது யாரு? பதினோராவது அவதாரமா?"

அம்மாவும் அப்பதான் கவனிச்சாங்கன்னு நினைக்கிறேன். ரெண்டு செகண்ட் பார்த்தாங்க. முகத்துல ஒரு மாற்றமும் இல்ல.

"துவாரபாலகர்."

"ஒருத்தர்தான் இருக்கார்?"

"இன்னொருத்தர் வந்துண்டிருக்கார்."

அம்மா என் பக்கம் திரும்பி, ரொம்ப சாதாரணமா, "சுஜா, ரெண்டு பேருக்கும் பை போட்டுக் கொண்டா"ன்னாங்க. வெத்திலை பாக்கு, மஞ்சள், தேங்காய், ப்ளவுஸ் பிட், ஒரு சின்ன கவர்ல ஹேர்கிளிப். எல்லாம் மேஜையில ஒரு ஓரமா அடுக்கி இருந்தது. என் கண்ணு முழுக்க நாலாம் படியில. கை பாட்டுக்கு பையைப் போட்டுது. வாங்கிக்கிட்டு அவங்க கிளம்பிட்டாங்க.

கதவு சாத்தின உடனே கொலுகிட்ட போனேன்.

"எங்க கைய நீட்டறே?"

"இல்லம்மா, ரோபோவை எடுத்துட்டு..."

"எடுக்கப்படாது."

"அம்மா, இது கொலு பொம்மை இல்ல. போட்டோவுக்காக சும்மா வெச்சேன்."

"எதுக்கு வெச்சேன்னு நான் கேக்கலையே. படி ஏத்தியாச்சு, நைவேத்யம் பண்ணியாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. இனிமே விஜயதசமி முடிஞ்சுதான் எறங்கும். நடுவுல எறக்கற வழக்கம் இந்தாத்துல கெடையாது."

"வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கணும்மா. அடுத்தவங்க பொம்மை."

"அடுத்தவா பொம்மைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கோபமே இல்லாம சொன்னாங்க. கோபமா சொல்லியிருந்தாலாவது சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும்.

சரி, இருக்கறதைப் பத்திரப்படுத்துவோம்னு மேஜைக்கு வந்தேன். வாள் இருக்கு. கேடயம் இருக்கு. துப்பாக்கி இருக்கு. கை போட்டு வெச்ச ரெண்டு கவரையும் காணோம். அது இருந்த இடத்துல ஹேர்கிளிப் கவர் ரெண்டு உக்காந்திருக்கு.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ரகு ஆபீஸ்லேர்ந்து உள்ள நுழைஞ்சார். செருப்பைக் கழட்டறதுக்குள்ள பிடிச்சுக்கிட்டேன். மேஜையை எதுக்குத் தொட்டீங்க, என் சாமான்ல ஏன் கை வெக்கறீங்க, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு இடம் உண்டா. மூச்சு விடாம ஒரு பத்து நிமிஷம்.

அவர் பொறுமையா கேட்டுட்டு, "கேமரா இன்னும் ஓடிட்டிருக்கே, பாத்துடலாமே"ன்னார்.

பார்த்தோம். தெள்ளத்தெளிவா இருந்தது. சுடிதார் போட்ட ஒரு பொம்பளை, கொலுவைப் பார்த்துக்கிட்டே, மேஜையைக் குனிஞ்சு கூடப் பார்க்காம, ஒரு கவரை எடுத்து ஒரு பையில போடறா. இன்னொரு கவரை எடுத்து இன்னொரு பையில போடறா. ரகு அதை ரெண்டாவது தடவை ஸ்லோ மோஷன்ல பார்த்தார். நான் பக்கத்துலயே உக்காந்து பார்க்க வேண்டியதாப் போச்சு.

ஆக, ஆறு கை மேல் வீட்டுல. ஆறு கை தி.நகர்ல. ரெண்டு கை நாலாம் படியில, எல்லாருக்கும் அருள் புரிஞ்சுக்கிட்டு.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடறேம்மா."

அம்மா அதிர்ந்து போய்ப் பார்த்தாங்க. ரோபோவைக் கொலுல பார்த்தப்ப கூட அப்படிப் பார்க்கல. "வெச்சுக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நன்னாருக்கு. எம்மானத்தை வாங்காதே."

அதனால கேக்காம வாங்கணும். அதான் ப்ளான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேல் வீட்டுக்குப் போனேன், கொலு பார்க்க வந்த மாதிரி. நவராத்திரியில ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா பாடாம வெளிய விட மாட்டாங்கங்கறது எனக்கு மறந்து போச்சு. மைதிலி மாமி பாய் விரிச்சு உக்கார வெச்சு, "ஒரு பாட்டு"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ஸ்கூல் பிரேயர்ல முதல் ரெண்டு வரி. அதையே நாலு தடவை பாடினேன். மூணாவது தடவை மாமி கண்ணை மூடிக்கிட்டாங்க. பக்தின்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் மெதுவா, "நேத்து பையில ஒரு சின்ன கவர் இருந்திருக்குமே மாமி"ன்னேன்.

"ஆமாம். கிளிப்னு தொறந்தா, உள்ள குட்டிக் குட்டியா கை. கெட்டிக்காரியா இருக்கியே நீ. நான் பார்க் போடப் போறேன்னு எப்படித் தெரிஞ்சது நோக்கு?"

கொலுவுக்குக் கீழ மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க விட்டு, ஒரு பார்க் போட்டிருந்தாங்க. குளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுத்தி பாதை. பாதையோரம், மணல்ல நட்டு, ஆறு நீலக் கை. விரல் நீட்டின ரெண்டும் கோயிலுக்கு வழி காட்டுது. வாள் பிடிக்கிற ரெண்டுலயும் தீக்குச்சி சொருகி கொடி பறக்குது. எதுக்குன்னே தெரியாத ஜோடிக்கும் மாமி ஒரு உபயோகம் கண்டுபிடிச்சிருந்தாங்க. தண்ணிக் குழாய்.

"இதை... எடுத்துக்கலாமா மாமி?"

"கொலுல வெச்சதையா?" மாமி சிரிச்சாங்க. "விஜயதசமி ஆகட்டும்."

கீழ வந்து தி.நகர் சித்திக்குப் போன் போட்டேன். நேரடியா கேக்கலாமேன்னு நினைச்சேன். சொந்தக்காரங்கதானே.

"அந்தக் கவரா? அதை நான் தொறக்கவே இல்லடி. இன்னிக்குக் கார்த்தால அடையாறுக்கு என் சம்பந்தி ஆத்துக்குப் போனேன். அப்படியே வெச்சுக் குடுத்துட்டேன்."

இங்க ஒரு விஷயம் சொல்லணும். நவராத்திரியில யாரும் வாங்கின பையை அனுபவிக்கறது கிடையாது. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கறதுதான் நடைமுறை. எங்க வீட்டுல ஒரு மெரூன் ப்ளவுஸ் பிட்டு மூணு வருஷம் தொடர்ந்து வந்திருக்கு. நாங்களும் ஒவ்வொரு தடவையும் மரியாதையா வழியனுப்பி வெச்சிருக்கோம். அந்தச் சங்கிலியில இப்ப பாயோட ஆறு கை மாட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டா திருவான்மியூர் தாண்டிடும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து நேரா அடையாறு. சித்தியோட சம்பந்தி வீட்டுல ஏற்கெனவே எட்டுப் பேர் உக்காந்திருந்தாங்க. "பத்மா சொன்னா, நன்னா பாடுவியாமே"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். சித்தி எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. அதே ரெண்டு வரி. மொச்சைக் கொட்டை சுண்டல். பாடும்போது என் கண்ணு தாம்பாளத்து மேல. வரிசையா வலைப் பைங்க. மூணாவது பையில, தேங்காய்க்கும் சீப்புக்கும் நடுவுல, நீலமா, குத்து விடற ஒரு கை.

எனக்குக் கிடைச்சது அஞ்சாவது பை. மூணாவது பை ஊதாப் பட்டு கட்டின ஒரு மாமிக்குப் போச்சு. அவங்க எழுந்தாங்க, நானும் எழுந்தேன். அவங்க லிப்ட் வேண்டாம்னு படியில இறங்கினாங்க, நானும் இறங்கினேன். ரெண்டாவது மாடியில மடக்கினேன்.

"மாமி, ஒரு நிமிஷம். நம்ம பையை மாத்திக்கலாமா?"

"எதுக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல ரோபோ, துவாரபாலகர், பாய்னு ஆரம்பிச்சா இவங்க போலீசைக் கூப்பிட்டுடுவாங்கன்னு தோணிச்சு.

"உங்க பையில இருக்கற தேங்காய் எனக்குப் பிடிச்சிருக்கு."

மாமி ரெண்டு தேங்காயையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "ரெண்டும் ஒரே தேங்காய்தானே?"

"உங்களோடது குடுமி நல்லா இருக்கு மாமி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. பாடினப்பவே இந்தப் பொண்ணைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க போல. கொஞ்சம் பின்னாடி நகர்ந்து நின்னு, "உன் ப்ளவுஸ் பிட் என்ன கலர்?"ன்னாங்க.

"மாம்பழக் கலர்."

"என்னுது பச்சை. ஏற்கெனவே ஆத்துல நாலு பச்சை கெடக்கு." பையை நீட்டிட்டாங்க.

ஆட்டோவுல உக்காந்து எண்ணினேன். ஆறு. அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் போன் அடிச்சது. பாய்.

"இன்னா தங்கச்சி, வெள்ளிக்கெழம ஆச்சே. பொம்ம எப்டி கீது?"

"பத்திரமா இருக்கு பாய். நல்ல உயரமான இடத்துல இருக்கு."

"வரலையே?"

"நாளைக்கு..."

"நீ அலைய வாணாம். காலைல நானே வரேன்"ன்னு வெச்சுட்டார். திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும். எட்டு மாசம் கெஞ்சி வாங்கின நம்பிக்கை, மூணே நாள்ல காலி.

சனிக்கிழமை காலையில அம்மா குளிக்கப் போன நேரம், கடைசியா ஒரு முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி ரோபோ இடுப்புல கை வெச்சேன். குளியலறையிலேர்ந்து குரல். "சுஜா, நாலாம் படி ஆடறதே."

இறங்கிட்டேன்.

பத்து மணிக்கு பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில காலிப் பெட்டி, பாக்கெட்ல கையுறை. வாசல்லயே நின்னு ஹாலைப் பார்த்தார். கல்கிக்குப் பக்கத்துல அவரோட ரோபோ. துப்பாக்கி மாட்ற கொக்கியில அம்மா சின்னதா மல்லிச்சரம் சுத்தியிருந்தாங்க. காலடியில ஒரு வாழைப்பழம்.

"தங்கச்சி. இது நம்ம பொம்ம தானே?"

அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். ரிங் லைட்டு, கற்பூரம், மேல் வீட்டுப் பார்க், ஊதாப் பட்டு மாமி, எல்லாம். பாய் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டார்.

அம்மா உள்ளேர்ந்து வந்தாங்க. "உங்க பொம்மையா? வாங்கோ, உக்காருங்கோ. தப்பு எங்க ஆத்துதுதான். ஆனா கொலுல ஏறினதை நான் நடுவுல எறக்க மாட்டேன். அதை உங்ககிட்ட நேராவே சொல்லிடறேன். புதன்கிழமை ராத்திரி முடியும். வியாழக்கெழம கார்த்தால நானே தொடச்சுத் தரேன்."

நான் கண்ணை மூடிக்கிட்டேன். நாளைக்கு மீட்டு. ஊர்ல எல்லாரும் அதைப் பார்க்க வர்றாங்க.

பாய் குரல் கேட்டுது. "அலமாரில வெச்சத எடுக்கக் கூடாதுன்னு நானும் சொல்லுவேன்மா. என் சம்சாரம் கூட தொட முடியாது. தூசு தட்டறேன்னு ஒரு தபா நகத்திட்டாங்க, ரெண்டு நாள் நான் பேசல."

"நகத்தினா தெரிஞ்சுடுமே."

"அரை இஞ்சு நகந்தாலும் தெரியும்மா."

"அதான்."

அதுக்கப்புறம் என்னை யாரும் கண்டுக்கல. பாய் கொலு முன்னாடி உக்காந்துட்டார். இந்த பொம்மைங்களை மத்த பதினோரு மாசம் எதுல சுத்தி வெப்பீங்கன்னு கேட்டார். பழைய வேஷ்டி, நல்லா துவைச்சு கஞ்சி போனதுன்னாங்க அம்மா. பூச்சிக்கு? வசம்பு. ஈரத்துக்கு? பெட்டி அடியில செங்கல் வெச்சு தரையைத் தொடாம. மூணாம் படியில ஒரு தவில்காரருக்கு விரல் உடைஞ்சு ஒட்டியிருந்தது. எங்க ஒட்டியிருக்குன்னு பாய் குனிஞ்சு தேடினார். கண்ணாடி கடைக்காரருக்கே கண்டுபிடிக்க முடியல.

"இதுக்கு இன்னா பசைம்மா?"

"சொல்றேன், சாப்டுங்கோ." அம்மா அவர் கையில சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தாங்க.

நான் மேஜை ஓரமா நின்னுக்கிட்டு யோசிச்சேன். ஆறு வருஷமா பொம்மை சேர்க்கிறவங்களைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சிருக்கேன். ஒருத்தங்க என் வீட்டுலயே இருந்திருக்காங்க, நான் தேங்காய் துருவிக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

கிளம்பும்போது பாய் சொன்னார். "பொம்ம எறங்காது. சரி. ஆளுங்க ஏறி வரலாம்ல?"

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், தேனாம்பேட்டை மீட்டு முடிஞ்சு, ஒம்பது ஆம்பளைங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க. பாதி பேருக்குத் தாடி. எல்லார் முதுகுலயும் பை. வாசல்ல ஒம்பது ஜோடி ஷூ. வரிசையா உக்காந்து நாலாம் படியைப் போட்டோ எடுத்தாங்க. அம்மா எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டு, வழக்கப்படி, "யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கோ"ன்னாங்க.

ஒம்பது பேரும் தரையைப் பார்த்தாங்க. கடைசியில வேளச்சேரியிலேர்ந்து வந்திருந்த ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கிட்டு, அவங்க சின்ன வயசுல டிவியில பார்த்த ரோபோ கார்ட்டூன் பாட்டை ஆரம்பிச்சார். மத்த எட்டுப் பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. அம்மா கடைசி வரைக்கும் தாளம் போட்டாங்க. என்னைவிட நல்லா பாடினாங்கங்கறதை நான் இங்க மறைக்க விரும்பல.

அப்புறம் எல்லாரும் ஊர்வலமா மேல் வீட்டுக்குப் போய் பார்க்ல இருக்கற ஆறு கையையும் தரிசனம் பண்ணினாங்க. மைதிலி மாமியும் பாடச் சொன்னாங்க. அதே பாட்டு. இந்தத் தடவை கை தட்டினாங்க. இறங்கி வரும்போது ஒம்பது பேர் கையிலயும் வெத்திலை பாக்குப் பை. ஹேர்கிளிப்போட.

என் ரிவ்யூ என்னாச்சுன்னு கேக்கறீங்களா? போட்டேன். உடம்பு முழுக்க மடங்கற பொம்மையை, ஒரு மூட்டைக் கூட மடக்காம, பத்தடி தள்ளி நின்னு ரிவ்யூ பண்ணின உலகத்தின் முதல் ஆள் நான்தான். "நல்லா நிக்குது நண்பர்களே"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? ஒரு வாரமா நின்னுதே.

விஜயதசமி ராத்திரி அம்மா ரோபோவை மெதுவா படுக்க வெச்சாங்க. வியாழக்கிழமை காலையில மைதிலி மாமி ஆறு கையையும் மணல் போகக் கழுவிக் கொண்டாந்து கொடுத்தாங்க. பாய் வந்தார். வெள்ளைத் துணி விரிச்சு எண்ணினார். பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. மல்லிச்சரம் இருந்த இடத்தை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கறை இல்ல. எனக்கு அப்பதான் மூச்சே வந்தது.

பெட்டியை மூடிட்டு என்னைப் பார்த்தார்.

"கோச்சுக்காத தங்கச்சி. இனிமே உன் கைல நான் எதுவும் குடுக்க மாட்டேன்."

தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நியாயம்தானே.

"அம்மா கைலன்னா குடுப்பேன். அவங்க சொன்னா சொன்னபடி தருவாங்க."

போன வாரம் பாய்கிட்ட புதுசா ஒரு சிவப்பு ரோபோ வந்திருக்கு. இருபது கை. ரிவ்யூ பண்ணணும்னு அம்மாகிட்ட போய் நின்னேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னிருக்காங்க.